அழைப்பும் ஆயத்தமும்: இரு கிறித்தவக் காப்பியங்கள்

இறைவன் ஒருவனை அழைக்குங்கால், அவன் முன்னரே தகுதியுற்றிருத்தல் வேண்டுமோ, அன்றி அவ்வழைப்பே அவனைத் தகுதியுடையவன் ஆக்குமோ என்பது கிறித்தவ வாழ்வின் அடிப்படை வினாக்களுள் ஒன்று. இவ்வினா சமய நூலார்க்கு மட்டும் உரியதன்று. காப்பியப் புலவர்க்கும் உரியது. பெருங்காப்பியம் தன்னிகரில்லாத் தலைவனை உடையதாதல் வேண்டும் என்பது தண்டியலங்காரத்தின் கருத்து. தன் தகுதி கொண்டு இறைவன்முன் நிற்க வல்லார் எவரும் இலர் என்பது கிறித்தவ நெறி. இவ்விரண்டனையும் தமிழ்ப்புலவர் எங்ஙனம் இணைத்தனர் என்பதைத் தேம்பாவணி, இரட்சணிய யாத்திரிகம் என்னும் இரு நூல்கள்வழி ஈண்டு ஆராய்வாம்.

வீரமாமுனிவர் 1726-இல் இயற்றிய தேம்பாவணியின் தலைவன் வளன் எனப்படும் சூசை. மத்தேயு அவரை நீதிமான் என்கின்றார். எனினும் நான்கு நற்செய்தி நூல்களிலும் அவர் ஒரு சொல்லேனும் பேசியதாகக் குறிப்பில்லை. கனவில் கட்டளை வரும். அவர் எழுந்து அதன்படி செய்வார். இம்மௌனமே முனிவர்க்குக் காப்பியக் களமாயிற்று. கேட்ட அளவில் எழுந்து நடக்கும் உள்ளம் எவ்வாறு பண்பட்டிருத்தல் வேண்டும் என்பதை அவர் வளனின் இளமை வரலாற்றில் விரிக்கின்றார். துறவு விரும்பிக் காடு நோக்கிச் செல்லும் வளனை, முதியோன் வடிவில் வந்த வானவன் தடுத்து, ஊரில் வாழ்ந்தே அறம் ஆற்றுமாறு உணர்த்துகின்றான். இப்பகுதியைக் காப்பிய மரபு நோக்கிய புனைவு எனக் கொண்டு கடந்துவிடல் பொருந்தாது. தானே வகுத்துக்கொண்ட தவநெறியைக் கைவிடுதலே வளன் பெறும் முதற் பயிற்சி. பின்னாளில் கனவுக்குப் பணிபவன் இங்கேயே பணியக் கற்றுக்கொள்கின்றான்.

இரட்சணிய யாத்திரிகத்தின் நிலை வேறு. 1858-இல் திருமுழுக்குப் பெற்ற எச். ஏ. கிருஷ்ண பிள்ளை, ஜான் பன்யன் 1678-இல் வெளியிட்ட ஆங்கில உருவகக் கதையைத் தழுவி இயற்றிய இந்நூல் 1894-இல் வெளிவந்தது. இதன் யாத்திரிகன் பாவச்சுமை முதுகை அழுத்த, அழிவிற்கு அஞ்சி ஓடுபவன். அவனிடம் தன்னிகரில்லாமை யாது உளது என வினவுவார் உளர். அவ்வினாவிற்கு விடை கதையின் வைப்புமுறையிலேயே உள்ளது. மூலக்கதையில் அவன் சுமையை இறக்கிவிட்டு வாயிலுக்கு வரவில்லை, சுமையோடே உட்புகுகின்றான். புகுந்த பின்னரே கற்பிக்கப்பெறுகின்றான். சிலுவையண்டை சுமை வீழ்கின்றது. படைக்கலம் பெறுவது அதற்கும் பின்னரே. எனவே, ஆயத்தம் அழைப்பினைத் தொடர்ந்து வருகின்றது.

ஈண்டுக் கிருஷ்ண பிள்ளையின் தனித்திறன் புலனாகின்றது. பன்யன் நூலில் தொடர்கதையாக இடம்பெறாத இயேசுவின் பாடுகளை அவர் குமார பருவத்தில் விரித்துப் பாடுகின்றார். கோவை நூல்களில் கிளவித் தலைவன் வேறு, பாட்டுடைத் தலைவன் வேறு ஆதலைத் தமிழறிஞர் அறிவர். அதுபோல, இக்காப்பியத்தில் நடப்பவன் யாத்திரிகன், தன்னிகரில்லாதவன் திருக்குமாரன். இங்ஙனம் கொள்ளின் தண்டியின் விதியும் பிழைபடாது. அருளின் முதன்மையும் குறைவுபடாது.

கத்தோலிக்கர் தகுதியையும் சீர்திருத்தச் சபையார் அருளையும் முற்படுத்தினர் என இவ்வேறுபாட்டை எளிதில் முடித்துவிடலாகாது. 1547-இல் திரெந்து சங்கம் வகுத்த கோட்பாடும், மனிதனின் ஆயத்தம் அவனுடைய புண்ணியத்தால் அன்றி இறைவன் அழைப்பாலேயே தொடங்கும் என்றே உரைக்கின்றது. வளனைத் தடுத்தாட்கொண்ட வானவனும் அழைப்பின் தூதனே அன்றோ?

இரு நூல்களிலும் குறையும் உண்டு. வளனின் நிறைவு மிகுதலால், பணிதற்கண் அவன் உற்ற போராட்டம் பல இடங்களில் புலப்படுவதில்லை. யாத்திரிகத்திலோ, பாடுகளின் விரிவு யாத்திரிகன் கதையை நெடுநேரம் நிறுத்திவிடுகின்றது. எனினும் இரண்டும் உணர்த்தும் உண்மை ஒன்றே. ஆன்மிக ஆயத்தம் என்பது இறைவனுக்குக் காட்டுதற்குத் தேடிய தகுதியன்று. தன் விருப்பத்தை ஒதுக்கி அவன் சொற்குச் செவிசாய்க்கும் நிலையே. வளன் தான் விரும்பிய காட்டை விட்டுத் திரும்பினான்; யாத்திரிகன் தன் ஊரை விட்டு ஓடினான். திசைகள் மாறுபடினும் இருவரும் செய்தது ஒன்றே என்க.