எதிரி மகிழ்வான் என்னும் ஏது

தேர்தல் காலத்தில் மேடைதோறும் தவறாமல் தலைகாட்டும் வாதம் ஒன்று உண்டு. 'இவருக்கு வாக்களித்தால் நம் பகைவன் மகிழ்வான். ஆகவே இவருக்கு வாக்களிக்கலாகாது' என்பதே அது. கேட்டவுடன் நெஞ்சைத் தொடும் வாதம் இது. நம் வீடுகளில் இதற்கோர் உடன்பிறப்பும் உண்டு. குடும்ப வரவுசெலவை இளையவன் கேட்டால், 'சத்தம் போடாதே, பங்காளி காதில் விழுந்தால் சிரிப்பான்' என்று மூத்தவர் அவன் வாயை அடைத்துவிடுவார். பங்காளி சிரித்தானோ இல்லையோ, கணக்கு மட்டும் வெளிவராது.

இந்த வாதம் ஒரு நாட்டின் அரசியற் பேச்சை எவ்வாறு திருப்பிவிடும் என்பதற்கு வெளிநாட்டுச் சான்றுகளைத் தேடி அலைய வேண்டியதில்லை. நம் நாட்டில் 1964ஆம் ஆண்டு நடந்த பொதுத்தேர்தலே போதிய சான்றாகும்.

மலேசியா 1963 செப்டம்பர் 16ஆம் நாள் தோன்றியது. இந்தோனேசிய அதிபர் சுகர்ணோ அதனை ஏற்கவில்லை. பிரிட்டிஷாரின் புதிய குடியேற்ற ஆதிக்கச் சூழ்ச்சி என்று அதனைப் பழித்தார். 'மலேசியாவை நசுக்குக' என்று முழங்கினார். கொன்ஃபிரந்தாசி என்று பெயர் பெற்ற பகைமை நடவடிக்கை அதுவே. அப்பகைமையின் வேரிலும் தேர்தல் பற்றிய ஒரு வழக்கே இருந்தது என்பதை ஆசிரியர்கள் கருத வேண்டும். சபா, சரவாக் மக்களின் விருப்பத்தை அறிய ஐக்கிய நாட்டு அவை மிக்கெல்மோர் தலைமையில் ஒரு குழுவை அனுப்பிற்று. அங்கு நடந்து முடிந்திருந்த தேர்தல்களை ஆராய்ந்த குழு, மக்களுள் பெரும்பாலோர் மலேசியாவையே விரும்பினர் என்று முடிவு கூறியது. இந்தோனேசியா அம்முடிவை ஏற்க மறுத்தது. குழுவின் பணி முடியுமுன்னரே, செப்டம்பர் 16 என்று நம் அரசு நாள் குறித்து அறிவித்தது அம்மறுப்புக்கு ஒரு சாக்கும் தந்தது. அயலான் நம் தேர்தலுக்குச் சொன்ன மறுமொழி இவ்வாறுதான் நம் அரசியலுள் நுழைந்தது.

ஏழு மாதங்கள் கழித்து, 1964 ஏப்ரல் 25ஆம் நாள், தீபகற்பத்தில் தேர்தல் நடந்தது. அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகியவை சேர்ந்த கூட்டணி அத்தேர்தலை மலேசியா வேண்டுமா, வேண்டாமா என்னும் ஒரே வினாவாக ஆக்கிவிட்டது. மலேசியா அமைந்த முறையைக் குறை கூறிய சோசலிச முன்னணியும், பாஸ் கட்சியும் சுகர்ணோவுக்குத் துணை போகின்றவை என்ற குற்றச்சாட்டு ஓங்கி ஒலித்தது. கூலி, நிலம், பள்ளி, மொழி ஆகிய வினாக்கள் எல்லாம் அதன் நிழலில் மறைந்தன. 104 இடங்களில் கூட்டணி 89 இடங்களைக் கைப்பற்றியது. 1959இல் எட்டு இடங்கள் பெற்றிருந்த சோசலிச முன்னணிக்கு இரண்டே எஞ்சின. ஆனால் அம்முன்னணி பெற்ற வாக்கு விகிதம் குறையவில்லை. அதிகத் தொகுதிகளில் போட்டியிட்டதால் ஏறத்தாழ 13 விழுக்காட்டிலிருந்து 16 விழுக்காடாக உயர்ந்தே இருந்தது. இதனைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. இடங்களை மட்டும் எண்ணுவோர், மக்கள் ஒருமுகமாக எதிர்க்கட்சியைத் துரோகி என்று தள்ளிவிட்டனர் என்றே எழுதிவிடுகின்றனர்.

குற்றச்சாட்டு முற்றிலும் கற்பனையா? அன்று என்று சொல்வதே நேர்மை. மலாய் இனத்தார் வாழும் நிலமெல்லாம் ஒன்றாக வேண்டும் என்ற பழைய கனவை உளமாரக் கொண்டிருந்த தலைவர்கள் அவ்வணியில் இருந்தனர். பகைவனின் குண்டும் மெய்யானதே. ஆயின், ஒரு சிலரைப் பற்றிய ஐயத்தைக் கொண்டு, பங்சார் தொகுதியில் தொழிலாளர்க்காக நின்ற வி. டேவிட் போன்றாரையும் ஒரே கூடையில் போட்டு மூடலாமா? (டேவிட் அத்தேர்தலில் தோற்றது கூட்டணியிடம் அன்று, சிங்கப்பூர் மக்கள் செயல் கட்சியின் தேவன் நாயரிடம்.) பத்து தொகுதியில் தப்பிப் பிழைத்த டாக்டர் தான் சீ கூன், பின்னாளில் 'திருவாளர் எதிர்க்கட்சி' என்று நாடே பாராட்டும் நிலைக்கு உயர்ந்தார். துரோகிகளின் அணி என்று தூற்றப்பட்ட இடத்திலிருந்து வந்தவரே அவர்.

வாதத்தின் உள்ளமைப்பை இனி நோக்குவோம். நம்மிடம் அதற்கு உரைகல் உண்டு. மணிமேகலையின் 29ஆவது காதையில் அறவண அடிகள் அளவை நூலை விளக்குகிறார். பலரும் வறண்ட பகுதி என்று அதனைத் தாண்டிச் சென்றுவிடுகின்றனர். ஆசிரியப் பயிற்சியிலும் அதற்கு இடம் தருவாரில்லை. ஆனால் மேடைப் பேச்சை அளக்க அதனினும் நல்ல கோல் தமிழில் இல்லை என்பது என் கருத்து. ஏதுப்போலிகளுள் அநைகாந்திகம் என்று ஒன்றை அடிகள் கூறுகிறார். காட்டும் ஏது, நிறுவ விரும்பும் பொருளிடத்தும் இருக்கும். அதற்கு மாறான பொருளிடத்தும் இருக்கும். ஆகவே எதனையும் நிறுவாது. ஒலி அழியக்கூடியது, ஏனெனில் அது அறியப்படுகிறது என்றால், அறியப்படுதல் அழியும் குடத்துக்கும் உண்டு, அழியாத வானத்துக்கும் உண்டு. அந்த ஏதுவால் என்ன பயன்?

பகைவனின் மகிழ்ச்சியும் அத்தகைய ஏதுவே. தன் நண்பன் வென்றால் பகைவன் மகிழ்வான். தனக்குக் கடும் பகைவனாகிய ஒருவன் வென்று, தன் நாட்டில் போர்வெறி மூட்ட வசதி கிடைத்தாலும் மகிழ்வான். தான் வெறுக்கும் ஒருவனைக் கெடுக்க விரும்பினால், மகிழாமலே மகிழ்வதாகச் சொல்லி அவனைப் புகழவும் செய்வான். எவ்வகை மகிழ்ச்சி என்று நாம் அறிவது எங்ஙனம்?

அண்மைக்கால இந்தியா இதனை அழகாகக் காட்டிவிட்டது. 2015இல் பீகார் சட்டமன்றத் தேர்தலின்போது, பாரதிய ஜனதா தோற்றால் பாகிஸ்தானில் பட்டாசு வெடிக்கும் என்று அக்கட்சியின் அன்றைய தலைவர் அமித் ஷா பேசினார். நான்காண்டுகள் கழிந்து, 2019 ஏப்ரலில், பாரதிய ஜனதா வென்றால் அமைதிப் பேச்சுக்கு வாய்ப்பு மிகுதி என்று பாகிஸ்தான் பிரதமர் இம்ரான் கான் கருத்துரைத்தார். உடனே எதிர்க்கட்சிகள் அதே கோலை எடுத்து அதே கட்சியை அடித்தன. முன்னர்ப் பகைவன் விருப்பத்தைச் சான்றாகக் காட்டியவர்கள், இப்போது அது பகைவனின் சூழ்ச்சி என்றனர். வாக்காளர்கள் இரண்டு முறையும் இவ்வாதத்துக்குக் கட்டுப்படவில்லை: பீகாரில் அக்கட்சி தோற்றது, 2019இல் 303 இடங்களுடன் வென்றது. எக்கட்சிக்கும் பொருந்தும் ஏது எக்கட்சியையும் பற்றி ஒன்றும் கூறவில்லை என்பதற்கு இதைவிடத் திட்டாந்தம் வேண்டுமோ?

மக்கள் ஒன்றுபட்டு வாக்களித்தால் பகைவன் அஞ்சி அடங்குவான் என்று இவ்வாதத்தின் மறுபக்கத்தைச் சொல்வாரும் உளர். 1964இல் 89 இடங்களைக் கண்டு சுகர்ணோ அடங்கினாரா? இல்லை. தேர்தல் முடிந்து நான்கு மாதங்கள் நிறையுமுன், ஆகஸ்டு 17ஆம் நாள், அவருடைய படையினர் ஜொகூரின் பொந்தியான் கடற்கரையில் இறங்கினர். செப்டம்பர் 2ஆம் நாள் லாபிஸ் பகுதியில் வான்குடைப் படை இறங்கிற்று. கொன்ஃபிரந்தாசி முடிவுற்றது ஜகார்த்தாவில் 1965 இறுதியில் ஆட்சி ஆட்டங்கண்டதால். நம் வாக்குப்பெட்டியால் அன்று.

அப்படியானால் பகைவன் சொல்லைக் கேட்கவே கூடாதா? கேட்க வேண்டிய இடமும் உண்டு. நம் கெடா மாநிலத்துப் பாலிங்கிலேயே அது நடந்தது. 1955 ஜூலைத் தேர்தலில் கூட்டணி 52 இடங்களில் 51 வென்றது. அவ்வாண்டு டிசம்பர் 28, 29ஆம் நாள்களில் துங்கு அப்துல் ரகுமான் பாலிங் பள்ளியில் சின் பெங்கைச் சந்தித்தார். சின் பெங் அயலவர் அல்லர், காட்டிலிருந்து போரிட்டவர், ஆயினும் பகைவரே. தேர்ந்தெடுக்கப்பட்ட அரசின் கையில் படையும் உள்நாட்டுக் காவலும் வருமாயின் போரை நிறுத்துவோம் என்ற பொருளில் அவர் பேசினார். பேச்சுவார்த்தை முறிந்தது. ஆனால் துங்கு அச்சொல்லை எடுத்துக்கொண்டு 1956 தொடக்கத்தில் இலண்டன் சென்றார். விடுதலைக்கு நாள் குறித்துத் திரும்பினார். பகைவன் என்ன செய்வான், எந்நிபந்தனையில் நிறுத்துவான் என்று ஆராய்ந்தது அரசியல் அறிவு. எந்த வேட்பாளரைக் கண்டு பகைவன் சிரிக்கிறான் என்று எட்டிப் பார்ப்பது வேறு.

திருக்குறளையும் இங்கு இழுப்பார்கள். உட்பகை அதிகாரம் மேடைக்கு மிக வாய்ப்பானது. உள்ளிருந்து அறுப்பவனைப் பற்றிப் பத்துப் பாடல்கள். ஆயினும் அதே பொருட்பாலில் 'பெரியாரைத் துணைக்கோடல்' அதிகாரமும் இருக்கிறது. இடித்துரைப்பாரைப் பெறாத அரசன், கெடுப்பதற்கு ஒரு பகைவன் இல்லாவிட்டாலும் தானே கெடுவான் என்று அங்கே வள்ளுவர் கூறுகிறார். இடித்துரைப்பவனையே உட்பகைவன் என்று பெயர் மாற்றிவிடுவதுதான் 1964இல் நடந்த வேலை.

அவ்வேலைக்குக் கொடுத்த விலை என்ன? 1965 ஜனவரியில் எதிர்க்கட்சித் தலைவர்கள் பலர் விசாரணையின்றிச் சிறைப்பட்டனர். மார்ச்சு முதல் நாள், கொன்ஃபிரந்தாசியைக் காரணம் காட்டி, ஊராட்சி மன்றத் தேர்தல்கள் நிறுத்தப்பட்டன. டி. எஸ். இராமநாதன் என்னும் தமிழர் முதல் மேயராக வீற்றிருந்த ஜார்ஜ் டவுன் மாநகர் மன்றமும் அதில் அடக்கம். அமைதி வந்தவுடன் தேர்தல் நடக்கும் என்று துங்கு நாடாளுமன்றத்தில் உறுதி கூறினார். 1966 ஆகஸ்டு 11ஆம் நாள் அமைதி உடன்பாடு கையெழுத்தாயிற்று, தேர்தல் வரவில்லை. ம.இ.கா.வைச் சேர்ந்த செனட்டர் ஆதி நாகப்பன் தலைமையில் அமைந்த அரச விசாரணை ஆணையம் 1968 இறுதியில் அறிக்கை தந்து, தேர்தலைத் திரும்பக் கொணர வேண்டும் என்று பரிந்துரைத்தது. ஆளுங்கட்சித் தமிழர் ஒருவர் துணிந்து எழுதிய அவ்வறிக்கை நம் பள்ளி வரலாற்றுப் பாடத்தில் இடம்பெறத் தக்கது. அரசு அதனை ஏற்கவில்லை. 1976ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் கதவை அடைத்தது. பினாங்கு மாநில அரசு தொடுத்த வழக்கும் 2014இல் கூட்டரசு நீதிமன்றத்தில் தள்ளுபடியாயிற்று. இன்று சுகர்ணோவின் பெயரை எவரும் சொல்வதில்லை. இன அமைதி கெடும் என்று வேறு காரணம் சொல்கின்றனர்.

தோட்டத்து மக்களுக்கு அக்காலத்தில் ஊராட்சி மன்றம் எட்டாத பொருளாகவே இருந்தது. தோட்டம் முதலாளியின் நிலமன்றோ! இன்றோ நம்மவர்களுள் பலர் தோட்டத்தை விட்டுத் தாமான்களில் குடியேறிவிட்டனர். சாக்கடை, தெருவிளக்கு, குப்பை, கோயில் நிலம் எல்லாம் சுங்கைப்பட்டாணி நகராண்மைக் கழகத்தின் கையில். அதன் உறுப்பினர்களை மாநில அரசு அமர்த்துகிறது. 2009 ஏப்ரலில் நடந்த புக்கிட் செலம்பாவ் சட்டமன்ற இடைத்தேர்தலில் 15 வேட்பாளர்கள் நின்றனர். அப்பதினைவருள் ஒருவரைத் தேர்ந்தெடுத்த வாக்காளர்களுக்குத் தம் தெருச் சாக்கடைக்குப் பொறுப்பானவரைத் தேர்ந்தெடுக்க இன்றும் வாக்கு இல்லை.