மறை கற்றவனின் மதுக்கிண்ணம்

திருக்குர்ஆனை முழுதும் மனனம் செய்தோரை 'ஹாபிஸ்' என்பர். 14-ஆம் நூற்றாண்டில் ஷிராஸ் நகரில் வாழ்ந்த பாரசீகப் பெருங்கவிஞன் அதனையே தன் புனைபெயராக்கிக் கொண்டான். அவன் பாடல்களிலோ மது மணக்கிறது. போதகரும் போலித் துறவியரும் நகையாடப்படுகின்றனர்! மறையின் செல்வாக்கு என்றதுமே கவிதைக்கு விலங்கு என்று முடிவு கட்டும் நண்பர்கள் இவனைப் படித்துப் பார்க்கட்டும்.

குர்ஆனின் 33-ஆம் அத்தியாயத்து 72-ஆம் வசனத்தைக் காண்போம். வானும் நிலமும் மலைகளும் சுமக்க அஞ்சி மறுத்த பொறுப்பை மனிதன் ஏற்றான் என்கிறது அது; அவனைக் கொடியவன், அறிவிலி என்றும் கடிகிறது. ஹாபிஸ் கையில் அஃது என்ன ஆயிற்று? நிலமும் மலையும் நீங்கின. வானம் மட்டும் நின்றது. ஏற்றான் என்பது போய்ச் சீட்டு விழுந்தது என்றாயிற்று. வசைகள் இரண்டும் மறைந்து, 'பித்தன்' என்ற ஒரே சொல் வந்தது. மனிதன் என்ற பொதுப்பெயர் இருந்த இடத்தில் 'நான்' நிற்கிறது! கேளாமலே சுமத்தப்பட்ட சுமைக்குக் குற்றவாளி யார்? கவிஞன் கூறவில்லை, நம்மைக் கேட்க வைத்துவிட்டான்.

அவன் பாடிய மது அத்தனையும் இறைக்காதலே என்று சாதிப்பர் உரைகாரர் சிலர். நாம் உடன்படோம். 1353-இல் ஷிராசைக் கைப்பற்றி மதுக்கடைகளை மூடிய முபாரிசுத்தீனை, 'முஹ்தசிப்', அதாவது ஒழுக்கங்காணும் அதிகாரி, என்று எள்ளினர் ஊரார். அந்தப் பெயர் ஹாபிஸின் பாடல்களிலும் வந்து வந்து குத்துகிறது. தத்துவ மதுவுக்கு எந்த மன்னன் பூட்டுப் போட்டான்?