கொடிமரமும் உறுதிமொழியும்: பழனிக் கோயில் தீர்ப்பு (2024) குறித்த திறனாய்வு

திண்டுக்கல் மாவட்டம் பழனி தண்டாயுதபாணி சுவாமி கோயிலில் இந்து அல்லாதோர் கொடிமரத்தைத் தாண்டிச் செல்லக் கூடாது என அறிவிப்புப் பலகை வைக்குமாறு சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 ஜனவரி 30 அன்று ஆணையிட்டது. நீதிபதி எஸ்.ஸ்ரீமதி வழங்கிய இத்தீர்ப்பு, கோயில் சுற்றுலாத் தலமன்று என்னும் கருத்துக்காகவே பெரிதும் பேசப்பட்டது. சட்ட மெய்யியல் நோக்கில் அதனினும் கருதத்தக்கது அதிலுள்ள விதிவிலக்கு. பிற மதத்தவர் ஒருவர் குறிப்பிட்ட தெய்வத்தின்மீது தமக்கு நம்பிக்கை உண்டென்றும் கோயில் மரபுகளைப் பின்பற்றுவதாகவும் உறுதிமொழி அளித்தால், பதிவேட்டில் குறித்துக்கொண்டு அவரை அனுமதிக்கலாம்.

1947ஆம் ஆண்டுக் கோயில் நுழைவு அனுமதிச் சட்டம் சாதியால் வெளியே நிறுத்தப்பட்ட இந்துக்களுக்குக் கதவைத் திறக்க எழுந்தது. அச்சட்டம் குறித்த வேங்கடரமண தேவரு வழக்கில், சமயப் பிரிவினரின் உரிமையும் அரசியலமைப்பின் 25(2)(ஆ) உறுப்புக்கு உட்பட்டதே என 1957இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அங்கே சட்டம் மரபைத் திருத்தியது. பழனியில் மரபைக் காக்கிறது. இது தன்னளவில் முரணன்று. 25(2)(ஆ) இந்துக்களின் எல்லா வகுப்பினரையும் பற்றியே பேசுகிறது. உறுப்பு 15(2) பெயர்சொல்லிக் குறிக்கும் கடை, உணவகம், கிணறு, குளம் முதலியவற்றுள் கோயில் இல்லை.

சொல்லை மட்டும் பற்றும் வாசிப்பு தடையோடு நின்றிருக்கும். உறுதிமொழிக்கு இவ்வுறுப்புகளின் வாசகத்தில் இடமில்லை. அதைத் தந்தது ஓர் அற உணர்வு. எச்.எல்.ஏ.ஹார்ட் இதனை நீதிபதியின் விருப்புரிமை என்றிருப்பார். விதிகளுக்குப் பின்னுள்ள கோட்பாட்டைத் தேடும் ரொனால்டு டுவோர்க்கினோ, அக்கோட்பாடு எல்லோர்க்கும் ஒன்றுபோல் பொருந்துகிறதா என வினவியிருப்பார். பொருந்தவில்லை என்பதே இத்தீர்ப்பின் இடர்ப்பாடு. நம்பிக்கையே நுழைவுக்குத் தகுதியெனில், கடவுள் மறுப்பாளரான இந்துவிடமும் அது கேட்கப்பட வேண்டும். சட்டத்தின் பார்வையில் அவரும் இந்துவே. பெரியார் பிறந்த மண்ணில் இது கற்பனை எடுத்துக்காட்டன்று. அவர் எதையும் எழுதித் தராமல் கருவறை முன் நிற்கலாம். முருகனை உளமார வணங்கும் பிற மதத்தவரோ கையொப்பமிட வேண்டும். ஒருவருக்குப் பிறப்பு அளவுகோல், மற்றவருக்கு உள்ளம்.

வழக்கு பழனியைப் பற்றியதாயினும் ஆணை மாநிலத்தின் இந்துக் கோயில்கள் அனைத்துக்கும் விரிக்கப்பட்டது. பலகை வைக்கும் பொறுப்பு அரசுக்கும் அறநிலையத் துறைக்கும் உரியது. மனச்சான்றின் சுதந்திரத்தை 25(1) எல்லோர்க்கும் உறுதிசெய்திருக்க, அத்துறையின் அலுவலர் ஒருவர் பிறருடைய நம்பிக்கையை எழுத்தில் கேட்டுப் பெறும் அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதைத் தீர்ப்பு ஆராய்ந்திருக்க வேண்டும்.