உழுசாலும் சித்தமும்

டெலிராரே என்னும் இலத்தீன் வினைச்சொல் சித்தம் பேதலித்தலையே பொதுவாகக் குறிக்கும். அதன் அடியான லிரா, உழுசால்களிடையே எழும் மண்மேடாகும். அவ்வொழுங்கை விட்டு விலகிச் செல்லுதலே வினையின் மூலப்பொருள். கி.பி. 79இல் இறந்த மூத்த பிளினி, இயற்கை வரலாற்றின் 18ஆம் நூலில் இத்தொடர்பைச் சுட்டுகின்றார். குனிந்து உழாதவனின் சால் கோணும் என்றும், அக்கோணலைக் குறித்த பிரேவரிகாரி என்னும் வினையே, எதிர்த்தரப்புடன் கள்ளமாய் இணங்கும் வழக்குரைஞரின் குற்றத்துக்குப் பெயராயிற்று என்றும் அங்கேயே கூறுகின்றார். இவற்றை வெறும் உருவகமெனக் கொண்டு அமைதல் போதாது. அறிவுக்கும் நேர்மைக்குமான அளவுகோல் ஏர்முனையிலிருந்தே நீதிமன்றுக்குச் சென்றுள்ளது. எனினும், இதனைப் பதிவுசெய்தவர் உழுதவரல்லர். அடிமைகளும் உழுத அப்பண்ணைகளில், உடைமையாளனின் கோணலுக்கு உழவன் இட்ட பெயர் யாதென்பது அந்நூலில் இல்லை.