சிவப்பு வர்ணமும் ஒரு வீடும்

லொரேன் ஹான்ஸ்பெரியின் ‘எ ரெய்சின் இன் த சன்’ நாடகம் 1959-ல் நியூயார்க்கில் அரங்கேறியது. சிகாகோவில் ஒண்டுக் குடித்தனத்தில் வாழும் கறுப்பினக் குடும்பம். காலமான தகப்பனாரின் இன்ஷ்யூரன்ஸ் பணம் 10,000 டாலர் வருகிறது. தாயார் வெள்ளையர் பேட்டையில் ஒரு வீட்டுக்கு முன்பணம் கட்டிவிடுகிறாள். கடைசியில் குடும்பம் அங்கே புறப்படுகிறது. சுபமான முடிவு என்கிறார்கள் சிலர். எனக்கு அப்படித் தோன்றவில்லை.

அவள் அந்த வீட்டை வீம்புக்காக வாங்கவில்லை. கறுப்பர்களுக்கென்று கட்டிய வீடுகளின் விலை இரண்டு மடங்கு என்பதுதான் அவள் சொல்லும் காரணம். 1930-களில் அரசாங்கமே நகரப் படங்களில் கறுப்பர் வாழ்ந்த பகுதிகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசி, கடன் கொடுக்க ஆபத்தான இடம் என்று குறித்திருந்தது.

நாடகத்தின் உயிர், பேட்டைச் சங்கத்துப் பிரதிநிதி வரும் காட்சி. கையில் தடியில்லை, தோல் பைதான். அதிகப் பணம் தருகிறோம், வராமலிருங்கள் என்று இதமாகச் சொல்கிறார். வில்லனை இவ்வளவு மரியாதைக்காரராகப் படைக்கத் துணிச்சல் வேண்டும்.

ஆசிரியைக்கு இது வீட்டுக் கதை. 1937-ல் அவர் தகப்பனார் வெள்ளையர் பகுதியில் வீடு வாங்கினார். 1940-ல் உச்ச நீதிமன்றத்தில் ஜெயித்தார். ஆனால் கறுப்பருக்கு விற்கக்கூடாது என்ற ஒப்பந்தமே செல்லாது என்று கோர்ட் சொல்லிவிடவில்லை. வீடு விற்பதில் இனபேதத்தைத் தடுக்கும் விரிவான மத்தியச் சட்டம் 1968-ல்தான் வந்தது.

திரை விழும்போது அந்தக் குடும்பத்துக்குக் கிடைத்தது வீடு மட்டுமே, அண்டைவீட்டார் இல்லை. அந்த இடத்தில் நிறுத்தியதே ஆசிரியையின் நேர்மை.