வாய்தா நாள்

அடிதடியில் இறங்கிவிட்ட இளவயதுப் பிள்ளைகளைப் பற்றித் தமிழில் வந்த படங்களில் பொருட்படுத்தத் தக்கவை என்று நான் மூன்றைச் சொல்வேன். செல்வராகவனின் ‘புதுப்பேட்டை’ (2006), சசிகுமாரின் ‘சுப்ரமணியபுரம்’ (2008), விஜய் மில்டனின் ‘கோலி சோடா’ (2014). மூன்றையும் சேர்த்து நினைக்கும்போது ஒரு குறை உறுத்துகிறது. மூன்றிலும் காத்திருக்கும் வீடு என்று ஒன்று இல்லை.

‘புதுப்பேட்டை’யில் பள்ளிக்கூடத்துப் பையனின் தாயைத் தகப்பனே கொன்றுவிடுகிறான். பையன் தெருவுக்கு வருமுன்பே வீடு அழிந்து போகிறது. ‘கோலி சோடா’வின் நால்வரும் கோயம்பேடு சந்தையில் மூட்டை சுமக்கும் அநாதைகள். ‘சுப்ரமணியபுரம்’ இவற்றில் உயர்ந்தது. வேலையற்ற பிள்ளைகளின் சிநேகத்தை அரசியல்வாதி வீட்டார் தங்கள் அரிவாளாக்கிக் கொள்வதை அது நேர்மையாகக் காட்டுகிறது. ஆனால் கதை நடப்பது 1980இல். விடுதலையாகி வருபவன் சிறை வாசலில் குத்துப்படுவது 2008இல். இடையிலுள்ள 28 வருஷங்கள் அந்த வீடுகளில் எப்படிக் கழிந்தன?

விருதுநகர் மாவட்டத்தின் தலைமை நீதிமன்றம் இருப்பது ஸ்ரீவில்லிபுத்தூரில். ராஜபாளையத்திலிருந்து ஆண்டாள் கோயிலுக்குப் போகிறவர்கள் ஏறும் அதே பஸ்ஸில்தான் வாய்தாவுக்குப் போகும் தாயும் ஏறுகிறாள். நூல் மில்லில் ஷிப்டு பார்ப்பவளுக்கு ஒரு வாய்தா என்றால் ஒரு நாள் கூலி போயிற்று. 2015ஆம் வருஷத்து இளைஞர் நீதிச் சட்டப்படி, பதினெட்டு நிறையாதவனை இளைஞர் நீதிக் குழுமம் விசாரிக்கும். அவனோடு பிடிபட்ட மூத்தவனுக்குக் கோர்ட்டு. அண்ணனும் தம்பியுமாகச் சிக்கிக்கொண்டால் தாய் இரண்டு வாசலிலும் நிற்க வேண்டும்.

சிறுவன் பெயரைப் பத்திரிகையில் போடக் கூடாது என்கிறது அந்தச் சட்டம். தெருவை எந்தச் சட்டம் கட்டுப்படுத்தும்? தங்கையைப் பெண் பார்க்க வருகிறவர்கள் அடுத்த வீட்டில் விசாரித்துவிட்டுத் திரும்பிப் போவார்கள். ஜாமீனுக்குக் கையெழுத்துப் போட்ட மாமா பேச்சைக் குறைத்துக்கொள்வார். மகன் உள்ளே இருக்கும் இரவுகளில்தான் தாய்க்குத் தூக்கம் வருகிறது. விடிந்ததும், அப்படித் தூங்கினோமே என்று வெட்கப்படுகிறாள். இந்த வெட்கத்தை நம் சினிமா இன்னும் தொடவில்லை. ஒரு மூச்சு அழவைத்துவிட்டால் தாயின் வேலை முடிந்தது என்று நினைக்கிறது.

இது வெறும் கலைக் குறை அல்ல. தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் பதினாறு வயதுப் பையன் அரிவாளைப் பார்க்கிறான், சிநேகத்தைப் பார்க்கிறான், அழகான சாவையும் பார்க்கிறான். தன் தங்கையின் கல்யாணத்தை அவன் அங்கே பார்ப்பதில்லை. செத்தால் தன்னோடு போயிற்று என்று எண்ணிக்கொள்கிறான்.

கதாநாயகன் சாவது படம் எடுப்பவருக்குச் சௌகரியம். கணக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது. அவன் பிழைத்துக் கிடந்தால், அடுத்த தேதி என்ன என்று வக்கீல் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டு, வீட்டார் மறுபடி பஸ் ஏற வேண்டும். அங்கேதான் கதை ஆரம்பமாகிறது என்பது என் அபிப்பிராயம்.