கலைடாஸ்கோப்பில் அழகு எங்கே இருக்கிறது?

கலைடாஸ்கோப் பற்றி எதைப் படித்தாலும் முதல் மரியாதை கண்ணாடிகளுக்குத்தான். அதை ஆரம்பித்து வைத்தவர் கண்டுபிடித்தவரேதான். ஸ்காட்லாந்து இயற்பியலாளர் டேவிட் புரூஸ்டர் 1817-ல் காப்புரிமை வாங்கினார், 1819-ல் தனிப் புத்தகமே எழுதினார். ஆயிரம் ஓவியர்களுக்கு ஒரு வருஷத்தில் தோன்றாததை இந்தக் கருவி ஒரு மணி நேரத்தில் உருவாக்கிவிடும் என்கிற ரீதியில் பெருமைப்படுகிறார். எனக்கு இதில் உடன்பாடு இல்லை.

கண்ணாடிகள் என்ன செய்கின்றன என்று முதலில் பார்த்துவிடுவோம். குழாய்க்குள் இரண்டு நீளக் கண்ணாடிகள், பாதி திறந்த புத்தகம் மாதிரி. இடைக்கோணம் 30 டிகிரி என்றால் வட்டம் 12 பகுதிகளாகத் தெரியும். ஒவ்வொரு பிரதிபலிப்பிலும் இடம் வலமாக மாறும். 12 இரட்டைப்படை என்பதால் கடைசிப் பகுதி முதல் பகுதியோடு சரியாகப் பொருந்தி, ஆறு முனை நட்சத்திரம் கிடைக்கும். 72 டிகிரி வைத்தால் 5 பகுதிகள். ஒற்றைப்படை, எங்கோ ஓரிடத்தில் தையல் விட்டுப்போகும். இந்தக் கணக்கைத் தெளிவாகச் சொன்னவர் புரூஸ்டர். இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் முன்னால் என்ன கிடக்கிறது என்று இந்தக் கணக்கு கேட்பதே இல்லை. வளையல் துண்டோ குண்டூசியோ, எதைப் போட்டாலும் நட்சத்திரம்தான். அப்படியானால் ஒரு படம் நம்மை நிறுத்திப் பார்க்க வைப்பதற்கும் இன்னொன்று சலிப்பதற்கும் கண்ணாடி காரணமாக இருக்க முடியாது, இல்லையா? நிரல் ஒன்றுதான், உள்ளீடுதான் வேறு. புரூஸ்டரே பொருட்களைத் தேர்ந்தெடுப்பது பற்றித் தன் புத்தகத்தில் ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். அவருடைய பெருமைக்கு அவர் அத்தியாயமே மறுப்பு.

இதைச் செய்து காட்டியவர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸைச் சேர்ந்த சார்லஸ் புஷ். 1870-களில் அவர் செய்த கருவி மரத் தாங்கியில் நிற்கும், பித்தளைச் சக்கரத்தால் பெட்டியைச் சுற்ற வேண்டும். பெட்டிக்குள் வண்ணக் கண்ணாடித் துண்டுகளோடு சில குட்டிக் கண்ணாடிக் குப்பிகளும் உண்டு. உள்ளே திரவம், ஒரு காற்றுக் குமிழி, வாய் உருக்கி மூடியது. சக்கரத்தை நிறுத்தியதும் துண்டுகள் விழுந்து அடங்கிவிடும். குமிழி மட்டும் மெதுவாக ஏறிக்கொண்டிருக்கும். கை ஓய்ந்த பிறகும் நட்சத்திரம் மாறிக்கொண்டே இருக்கும். ஒளியியலில் புதிதாக ஒன்றுமில்லை, எல்லாம் பெட்டிக்குள் செய்த வேலை.

ஒரு மணி நேரத்தில் ஆயிரம் வடிவம் வரலாம். அதில் பார்க்கத் தகுந்தவை எத்தனை என்பது, பெட்டியை மூடும் முன் எதைப் போடலாம், எதை விடலாம் என்று உட்கார்ந்து பொறுக்கியவர் கையில்தான் இருக்கிறது.